அறையின் மௌனம், ஒரு நிமிடம்

பேட்டி முடிந்ததும் எல்லோரிடமும் கேட்பேன்:
அசையாமல் ஒரு நிமிடம் இருங்கள்,
இந்த அறை பேசாமல் இருக்கிற சத்தம் எனக்கு வேண்டும்.
வெட்டி ஒட்டிய இடங்களில் பூச.
பலர் சிரிப்பார்கள்.
‘சத்தமில்லாததப் புடிக்கவா சென்னையிலிருந்து வந்தீங்க?’

மேலக்காலில் பதினொரு பேரிடம் பேசினோம்.
மழை விட்டு விட்டுப் பெய்த ஐப்பசி.
வானொலியில் ராத்திரி நாடகம், பெயர் ‘ஏழாவது மதகு’.
பெயரைச் சொன்னபோது ஊரில் கரண்ட் இல்லை.
கரண்ட் வந்ததும் பஞ்சாயத்துக் குழாயில் கேட்டது
அணையின் நீர்மட்டத்தைத் தினமும் வாசிக்கிற அதே குரல்.
அந்தக் குரலை நம்பித்தான் நாற்றுப் பாவுவார்கள்.
எழுபத்து மூன்று அடி என்றது.
அணைக்கு உயரமே எழுபத்தொன்று.
பிறகு தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

தகரமேதான். ஆட்டியவர் தேவசகாயம்.
எண்பத்து நாலு வயதில், விளாங்குடி வீட்டில்,
பேக்கரித் தட்டு ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டினார்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
அது படத்தில் இருக்கிறது.

ஆற்றில் அன்றைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர்.
போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.
எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்பதற்கே
அரைமணி நேரப் பதிவு.
ஒருத்தி ஊறப்போட்ட அரிசியை, சட்டியோடு.
தபால்காரர், கொடுக்காமல் வைத்திருந்த இரண்டு மணியார்டரை.
கோழியை எடுத்தவர் பிள்ளையை விட்டுவிட்டார்.
பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து
‘எங்க வீட்ல இன்னும் கோழிக் குழம்பு கெடையாது’ என்கிறார்.
தியேட்டரில் இங்கே சிரிப்பார்கள்.
ரோஸ்லின் அதற்கு இடம் விட்டு வெட்டியிருக்கிறாள்.

அங்கம்மாள் கணவாய் ஏற்றத்தில் விழுந்தாள். வலது கால்.
விடிகிறவரை பாறைச் சந்தில் கிடந்தாள்.
பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சோணைமுத்து கடைசி.
கேமராவிடம் அவர் சொன்னது எல்லோரும் சொன்னதுதான்.
நாகமலை, கும்மிருட்டு,
யார் யாரோ அவரவர் சாமியைக் கூப்பிட்டது.
விளக்குகளை அணைத்தோம். கேமரா மூடியாயிற்று.
மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் ஐயா, என்றேன்.

பதினேழாவது வினாடியில் பேசினார்.

‘தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேக்கத்தான்
டிரான்சிஸ்டரத் தூக்கிட்டு ஏறுனேன்.
பாறை மேல ஒக்காந்து காதுல வச்சா
நடிச்சவங்க பேர வாசிக்கிறான்.
ஒவ்வொரு பேரா.’

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. ஒரு பல்லி.

‘ஒச்சம்மா ரெண்டு வருசமா எங்கூடப் பேச்சில்ல.
அன்னிக்கி என் சட்டையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா.
அணைச்சிட்டேன்.
ரேடியோவ.
விடிஞ்சா சொல்லிக்கிரலாம்னு.
அங்கம்மா கீழ கெடக்குறது எனக்குத் தெரியாது.’

நாற்பத்தெட்டு.

‘தெரியும். மொனகுனது கேட்டுச்சு.’

அறுபது தாண்டியும் நான் கையை உயர்த்தவில்லை.
அவர்தான் கேட்டார்:
‘புடிச்சிட்டீங்களா, சத்தமில்லாதத?’
ஆச்சு ஐயா, என்றேன்.
உள்ளேயிருந்து ஒச்சம்மா காபி கொண்டுவந்தார்,
சர்க்கரை போட்டது இது, போடாதது அது என்று.

இன்று எடிட்டிங்கில் ரோஸ்லின் கேட்கிறாள்:
அங்கம்மாள் வீட்டு மௌனம் எங்கே?
அங்கே கிடைக்கவில்லை, பக்கத்தில் மாவு மில்.
வேறு ஊர் மௌனம் எதாவது?
மேலக்கால் பதினொன்று இருக்கிறது, என்கிறேன்,
ஆனால் முதல் பதினாறு வினாடிதான் சுத்தம்.
ஏன், மிச்சம்?
பல்லி.

பதினாறைத் திருப்பித் திருப்பி ஒட்டுகிறாள்.
அங்கம்மாள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்க்கிறாள்,
உட்காருகிறாள், சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிடுகிறாள்.
அடியில்,
பதினாறு வினாடிக்கு ஒருமுறை,
பேசப்போகிற ஒருவர் இழுக்கிற மூச்சு.
ஹெட்போனில் எனக்குக் கேட்கிறது.
ரோஸ்லினுக்குக் கேட்கவில்லை.